மூச்சு காட்டிக் கொடுக்கும் கிருமி!

"ஊதுங்கள்!" என்கிறார் டாக்டர்.

நோயாளி ஒரு பைக்குள் ஊதுகிறார். பிறகு மருந்து கலந்த நீரைக் குடிக்கிறார். சுமார் அரை மணி நேரம் கழித்து இன்னொரு பைக்குள் ஊதுகிறார். சோதனை முடிந்தது! ஊசி இல்லை. கத்தி இல்லை. தொண்டைக்குள் குழாயும் இல்லை.

இரைப்பையில் கிருமி இருக்கிறதா, இல்லையா? மூச்சே சொல்லி விடுகிறது!

கிருமியைக் குடித்தவர்

கவலையாலும் கார உணவாலும்தான் இரைப்பையில் புண் வருகிறது என்று வெகு காலம் நம்பி வந்தார்கள். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்து டாக்டர்கள் இருவர் அதை மறுத்தார்கள். ஒருவர் ராபின் வாரன். மற்றவர் பாரி மார்ஷல். "ஒரு கிருமிதான் காரணம்" என்பது அவர்கள் கட்சி. அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

"இரைப்பையில் அமிலம் சுரக்கிறதே! அங்கே கிருமி எப்படிப் பிழைக்கும்?" என்று பலர் கேட்டார்கள்.

மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? 1984ஆம் ஆண்டில் அந்தக் கிருமியைத் தாமே குடித்து விட்டார்! சில நாட்களில் வாந்தி வந்தது. மூச்சு நாறியது. சோதித்ததில், நன்றாக இருந்த இரைப்பை அழற்சி கண்டிருந்தது. கிருமியும் அங்கே இருந்தது!

2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கவசமே பகை

அமிலத்தில் கிருமி பிழைப்பது எப்படி? அது யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குகிறது. அம்மோனியா அமிலத்தின் வேகத்தைத் தணிக்கிறது. அதுவே கிருமிக்குக் கவசம்.

யூரியா உடையும்போது கரியமில வாயுவும் வெளிப்படும். இங்கேதான் கிருமி அகப்பட்டுக் கொள்கிறது! நோயாளி குடிக்கும் நீரில் இருப்பதும் யூரியாதான். அதிலுள்ள கரி அணு சற்றுக் கனமானது. கிருமி அதை உடைத்தால், அந்தக் கனமான கரி, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வரும். கருவி அதைக் கண்டுபிடித்து விடும்.

மறுபடியும் ஊதுங்கள்!

சோதனைக்கு முன் சில மருந்துகளை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக் கூடும். எதை, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

மருந்து சாப்பிட்டதும் வலி நின்று விடலாம். ஆனால் கிருமி செத்து விட்டதா? விட்டு வைத்தால் மீண்டும் புண் வரலாம். சிலருக்கு அது புற்று நோயிலும் கொண்டு போய் விடும். ஆகவே, மருந்து முடிந்து நான்கு வாரங்களாவது கழித்து மறுபடியும் ஊதிப் பார்க்க வேண்டும்.

ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ஊதிப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்!