கடலில்லாத ஊரிலும் தீவுகள் உண்டு

பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் ரத்ததான முகாம் நடக்கும்போது அந்த மேசையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிச் சில்லில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல மருந்து, அடுத்ததில் மஞ்சள் மருந்து, மூன்றாவதில் நிறமில்லாத மருந்து. குச்சியால் கலக்கிச் சில்லை மெல்ல ஆட்டுவார்கள். நீலத்தில் திரிந்தால் ஏ; மஞ்சளில் திரிந்தால் பி; இரண்டிலும் திரிந்தால் ஏபி; இரண்டிலும் திரியாவிட்டால் ஓ. பாசிட்டிவா நெகட்டிவா என்பதை மூன்றாவது சொட்டு சொல்லிவிடும்.

அந்த ‘ஓ’வுக்குள் வெகு அபூர்வமாக வேறொரு வகை ஒளிந்திருக்கும். 1952-ல் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய சகாக்களும் மும்பையில் கண்டறிந்த ‘பாம்பே’ வகை அது.

ஏ, பி இரண்டும் சிவப்பணுவின் மேல் எழும்பும் மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாடிக்கு அஸ்திவாரம் ‘எச்’ என்ற பொருள். ஓ வகையினர் மாடி எழுப்பாதவர்கள்; அஸ்திவாரம் உண்டு. பாம்பே வகையினருக்கு அந்த அஸ்திவாரமே இல்லை. அதனால் ஓ ரத்தத்தைக்கூட அவர்கள் உடல் அந்நியமாகப் பார்த்து எதிர்க்கும். ஏற்றினால் அணுக்கள் சிதையும், சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம். மற்றபடி அவர்கள் முழு ஆரோக்கியமானவர்கள். இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் இப்படி. ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு ஒருவர்.

கப்பலேறிய ரத்தம்

மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். கரையோரத்தவர் மட்டுமல்ல, கடலையே பார்த்திராத உள்நாட்டு உழவர்களும் அவர்களில் உண்டு. தலைமுறைகள் கழிந்ததும் பேச்சுத் தமிழ் தேய்ந்தது, தீமிதி நிலைத்தது. ரத்தமும் மறக்கவில்லை.

எச் பொருள் குறைந்தவர்கள் அந்தத் தீவில் இருப்பதை 1982-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்திய வம்சாவளியினரிடம் இருந்தது அசல் பாம்பே வகை. மலைகள் சூழ்ந்த சிலாவோஸ் பகுதியின் வெள்ளையரிடம் இருந்ததோ, எச் சிறிதளவு மிஞ்சிய வேறொரு வகை. 1998-ல் மரபணுவைப் பார்த்தபோது இரண்டுக்கும் காரணமான மாற்றங்கள் வெவ்வேறு என்று தெளிவானது. இந்திய வம்சாவளியினரிடம் இருந்தது மும்பையில் பார்த்த அதே மாற்றம்.

அதே 1982-ல் இன்னொரு தீவுச் செய்தி. நம் விவசாயிகள் மக்காச்சோளத்துக்குப் போடும் யூரியாவை, சிவப்பணுக்களை உடைக்க ஒரு ரத்தப் பரிசோதனைக் கருவியில் பயன்படுத்திவந்தார்கள். சமோவா தீவைச் சேர்ந்த ஒருவரின் அணுக்கள் மட்டும் சட்டென்று உடைய மறுத்தன. யூரியாவை உள்ளே விடும் ‘கிட்’ புரதம் அவருடைய அணுக்களில் இல்லை! சமோவா உள்ளிட்ட பாலினீசியத் தீவினரிடம் மற்ற இடங்களைவிட இந்தக் குறை அதிகம்.

ஏன் தீவுகளில்? வந்து இறங்கியவர்கள் கொஞ்சம் பேர், மணவுறவும் அவர்களுக்குள்ளேயே. ஒருவர் கொண்டுவந்த அபூர்வ மரபணு, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் ஒரே குழந்தையிடம் வந்து சேர்கிறது.

நம் வீட்டுத் தீவு

பெரம்பலூர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுத்து, சொத்தும் சொந்தமும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் தமிழகமெங்கும் உண்டு. மரபணுவின் கணக்கில் அவையும் தீவுகள்தான்.

முகாம் அட்டையில் ‘ஓ’ என்று இருப்பதால் யாரும் பயப்பட வேண்டாம். ரத்த வங்கியில் நம் ரத்த நீரை ஓ அணுக்களோடு சேர்த்துப் பார்த்தால், அங்கேயும் திரிகிறதா என்பது தெரிந்துவிடும். அந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒருவர் பாம்பே வகை என்று உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அதே வகை இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பொருந்தும் ரத்தம் தேடி ஊரெல்லாம் அலையும் முன், வெளியே பெஞ்சில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் தம்பியையும் தங்கையையும் உள்ளே கூப்பிட்டுச் சோதியுங்கள்.