14 வயதுக்குப் பின் பள்ளிச் செலவு யாருடையது? கார்டன் ரீச் எழுப்பும் கேள்வி

கார்டன் ரீச் (கொல்கத்தா): நாட்டின் பல நகரங்களில் துணிக்கடைகளில் தொங்கும் குழந்தைகளுக்கான ஆயத்த ஆடைகளில் கணிசமானவை, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள கார்டன் ரீச், மெட்டியாபுரூஸ் சந்துகளில் தைக்கப்படுபவை. ஆங்கிலேயரால் பதவி பறிக்கப்பட்ட அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் இங்கு வந்து குடியேறினார். அவரது பரிவாரத்துடன் வந்த தையற்காரர்களே இத்தொழிலுக்கு வித்திட்டவர்கள் என்பது இப்பகுதியினர் சொல்லும் வரலாறு. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அருகிலேயே இருந்தபோதிலும், ஏராளமான குடும்பங்களுக்குச் சோறு போடுவது தையல் இயந்திரம்தான்.

கூலி, தைத்த உருப்படிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கிடைக்கிறது. எனவே வீட்டில் ஒரு கை கூடினால் வருமானமும் கூடும். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் உடை தைக்கும் வீட்டிலேயே சொந்தக் குழந்தையின் படிப்பு தடைபடுவது இப்படித்தான்.

2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே இலவசக் கல்விக்கு உத்தரவாதம் தருகிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமோ, 14 வயது நிறைந்தவர்களை ஆபத்தற்ற தொழில்களில் அமர்த்த அனுமதிக்கிறது. ஒரு சட்டம் கைவிடும் அதே வயதில் மற்றொரு சட்டம் தொழிற்கூடத்தின் கதவைத் திறந்துவிடுவது விந்தையே.

இத்தகைய இடைவெளியை நிரப்பவே 'ஸ்பான்சர்' முறை தோன்றியது. வெளிநாட்டில் உள்ள ஒருவர் மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை அனுப்பி, ஏழை நாட்டுக் குழந்தை ஒன்றின் படிப்புக்குப் பொறுப்பேற்பதே இம்முறை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1937-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட அமைப்பு இதன் முன்னோடிகளுள் ஒன்று.

இதனால் பயன் உண்டா? இந்தியா உள்ளிட்ட 6 நாடுகளில், 'கம்பாஷன் இன்டர்நேஷனல்' அமைப்பின் உதவி பெற்று வளர்ந்தவர்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் 2013-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். உதவி பெற்றோர் ஓராண்டுக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தனர். அதேசமயம், குழந்தையின் புகைப்படத்தைக் காட்டி இரக்கத்தைத் திரட்டுவது முறையா என்ற விமர்சனமும், ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்து அடுத்த பிள்ளைக்குக் கிடைக்காத வருத்தமும் இம்முறையை விட்டு அகலவில்லை. அவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆனால் உதவி நின்றுபோனதற்கு இந்த விமர்சனங்கள் காரணமல்ல. மத மாற்றத்துக்குப் பணம் பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டை கம்பாஷன் அமைப்பு மறுத்தது. எனினும் அதன் நிதி, முன் அனுமதி பெற வேண்டிய பட்டியலில் 2016-இல் சேர்க்கப்பட்டது. அனுமதி கிட்டாததால் 2017 மார்ச்சில் அது இந்தியப் பணியை முடித்துக்கொண்டது. அப்போது அதன் ஆதரவில் இருந்த குழந்தைகள் சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர். குற்றச்சாட்டு எதுவாயினும், கல்வியாண்டின் இறுதியில் கைவிடப்பட்டவர்கள் அதில் சம்பந்தமில்லாத பிள்ளைகள்.

பின்னர் 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பணம் முதலில் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக்கே வர வேண்டும். அதை வேறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய அமைப்புகளிடம் நிதி பெற்று நடந்துவந்த சிறு தொண்டு நிறுவனங்களை அதிகம் பாதித்தது பகிர்வுக்கான தடைதான். இத்திருத்தங்களை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உறுதி செய்தது.

உள்நாட்டு உதவியும் ஒருபுறம் சுருங்கியது. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் கார்டன் ரீச் போன்ற பகுதிகளுக்குக் கைகொடுத்து வந்த, சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் பள்ளி உதவித்தொகை, 2022-இல் 9, 10-ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று குறைக்கப்பட்டது. மேற்கு வங்க அரசின் 'கன்யாஸ்ரீ' திட்டம் 2013 முதல் மாணவிகளுக்குத் துணை நிற்கிறது. திருமணமாகாமல் படிப்பைத் தொடரும் பெண்ணுக்கு 18 வயதில் ரூ.25 ஆயிரம் கிடைக்கிறது. தையல் இயந்திரத்தின் முன் அமரும் சிறுவனுக்கு அத்திட்டத்தில் இடமில்லை.

மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்திலேயே ஸ்பான்சர் பிரிவு ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அதில் குழந்தைக்கு மாதம் ரூ.4 ஆயிரம் வழங்கப்படுகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் விண்ணப்பிக்க வேண்டும். நகர்ப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.96 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. அத்துடன், தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருத்தல், பெற்றோர் கடும் நோயால் பாதிக்கப்பட்டிருத்தல் போன்ற காரணங்களுள் ஒன்றும் இருக்க வேண்டும். தந்தையும் தாயும் நலமாக இருந்து, இரவு பகலாகத் தைத்தும் போதாத வீட்டுப் பிள்ளைக்கு இத்திட்டம் பொருந்தாது.