ஆட்டுக்கு எட்டாத பூ

புதினா, துளசி, தும்பைக்கெல்லாம் கிரீஸ் நாட்டில் ஒரு சொந்தக்காரச் செடி உண்டு. கிரீட் தீவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. டிக்டமோ என்று பெயர். மண்ணே இல்லாத சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பில், மனிதன் கால் வைக்கத் தயங்கும் செங்குத்தில்தான் அது வேர் பிடிக்கும்.

உயரம் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரை. வட்ட இலைகளை வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் ரோமம் மூடியிருக்கும்; கோடை வெயிலில் ஈரத்தைக் காப்பது அதுதான். தண்டு நுனியில் கொத்தாகத் தொங்கும் இளஞ்சிவப்பு அடுக்கைப் பூ என்று நினைப்போம். அவை பூவடிச் செதில்கள். அவற்றுக்கு இடையிலிருந்து தலை நீட்டுபவைதான் பூக்கள். இலையின் வாசனைக்குக் காரணம் கார்வக்ரால். நம் வீட்டுக் கற்பூரவல்லியிலும் இருக்கிற அதே பொருள்.

அம்பு பட்ட காட்டாடுகள் இதைத் தேடித் தின்னும், உடனே அம்பு கழன்று விழும் என்று ஒரு கதை. அரிஸ்டாட்டில் இதை எழுதியபோது ‘சொல்கிறார்கள்’ என்று எச்சரிக்கையாகவே எழுதினார். ரோமக் கவி வர்ஜிலுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவருடைய காவியத்தில் அம்புக் காயம் பட்ட மகனுக்காக வீனஸ் தேவியே கிரீட்டின் ஈடா மலையிலிருந்து இதைப் பறித்து வருகிறாள்.

அரிஸ்டாட்டிலின் சீடர் தியோஃப்ராஸ்டஸ் சொன்னதுதான் முக்கியமானது. இது விளையும் இடம் சிறியது, ஆடுகள் விரும்பி மேய்ந்துவிடுகின்றன, அதனால்தான் அரிது என்றார். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய சூழலியல் குறிப்பு அது! கதையில் மருந்து தேடி வந்த ஆடு, நிஜத்தில் பசியோடு வந்திருக்கிறது.

ஆட்டுக்குத் தப்பினாலும் ஆளுக்குத் தப்பவில்லை. மூலிகைக்காகவும், காதலிக்குக் கொடுக்கவும் பாறையேறிப் பறித்தார்கள். விழுந்து உயிரை விட்டவர்களும் உண்டு என்பார்கள்.

20ஆம் நூற்றாண்டில் எம்பரோஸ் என்ற ஊரைச் சுற்றி இதை வயலில் பயிரிடத் தொடங்கினார்கள். காட்டுச் செடிக்குக் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான் என்று சொல்லலாம். 1979ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையும் காட்டுச் செடிக்குப் பாதுகாப்புத் தருகிறது. வயலில் விளைவது மூலிகைத் தேநீருக்கும், வெர்மூத் என்ற மதுவுக்கு மணமூட்டவும் போகிறது. இருமலுக்கும் லேசான செரிமானக் கோளாறுக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றிருக்கிறது. அதற்கு அடிப்படை நீண்டகாலப் பழக்கம்தான், மருத்துவப் பரிசோதனை அல்ல.