வாலைப் பார்த்து வாசலைத் திற

சன்ஷேடில் தினமும் வந்து படுக்கும் சாம்பல் பூனையை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளலாமா? ஐப்பசி அடைமழை தொடங்கியதும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். பாவம், நனைகிறதே என்று ஒருவர் கதவைத் திறப்பார். சோபாவைப் பிறாண்டிவிடும் என்று இன்னொருவர் சாத்துவார். இரண்டு பேருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி, அந்தப் பூனை உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக இருந்தபோதே முடிவாகிவிட்டது.

பூனைக்குட்டி கண் திறக்கவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை அதன் மூளை ஒரு அவசரக் கணக்கெடுப்பு நடத்துகிறது: யார் நம்மவர், எது ஆபத்து? இந்த இடைவெளியை விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் ‘பழகு பருவம்’ என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். அப்போது மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டிக்கு மனிதர்கள் நம்மவர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். படாவிட்டால், ஆயுள் முழுக்க நாம் அதற்கு இரண்டு காலில் நடக்கும் ஆபத்து. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் 1980களில் இதைச் சோதித்துப் பார்த்தார். மூன்றாவது வாரத்திலிருந்து கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகள், ஏழாவது வாரத்தில்தான் பழக்கத் தொடங்கிய குட்டிகளைவிட மனிதர்களிடம் அதிகம் ஒட்டின. தினமும் 15 நிமிடம் கொஞ்சப்பட்டவற்றைவிட 40 நிமிடம் கொஞ்சப்பட்டவை இன்னும் நெருங்கின. ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கும் பள்ளியில் ஒரு பீரியடுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரு பிராணியின் சுபாவமே அதில் மாறிவிடுகிறது.

வளர்ப்பு மட்டும்தானா? இல்லை, அப்பாவுக்கும் பங்கு உண்டு. ஆண் பூனை குட்டி வளர்ப்பதில்லை. பெரும்பாலும் குட்டியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியிருந்தும், மனிதர்களிடம் ஒட்டும் தகப்பனுக்குப் பிறந்தவை அறிமுகமில்லாத ஆளைச் சீக்கிரம் அணுகுகின்றன என்று ஆய்வாளர் சாண்ட்ரா மெக்கூன் 1995-ல் எழுதினார். அவை புதுப் பொருள் ஒன்றைக் கண்டாலும் அதே தைரியத்தோடு போய் முகர்ந்தன. ஆக, தகப்பனிடமிருந்து குட்டிக்கு வருவது மனிதப் பாசம் அல்ல, துணிச்சல்.

பூனை நம்மோடு வாழத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் கிடத்தப்பட்டிருந்தது. இத்தனை காலம் பழகியும், பிறக்கும்போதே சாதுவாக இருக்கும் விலங்காக அது மாறவில்லை. சாதுவாக இருக்கக் கற்றுக்கொள்ளும் திறமை மட்டும்தான் ரத்தத்தில் வருகிறது. அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தச் சில வாரங்களில் புதிதாகக் கிடைக்க வேண்டும். மடியில் தூங்கும் பூனையும், நம்மைக் கண்டதும் சாக்கடைக்குள் பாயும் பூனையும் உடன்பிறப்புகளாகவே இருக்கலாம்.

சரி, சன்ஷேடில் இருப்பது எந்த ரகம்? முதலில் வாலைப் பாருங்கள். தட்டு வைக்கும்போது வாலை நெட்டுக்குத்தலாகத் தூக்கி, நுனியை லேசாக வளைத்துக்கொண்டு வந்தால் அது வணக்கம் சொல்கிறது. சார்லட் கேமரன்-பியூமாண்ட் என்ற ஆய்வாளர் 1997-ல் பூனை வடிவ நிழலுருவங்களை வெட்டிப் பூனைகளுக்குக் காட்டினார். வால் தூக்கிய உருவத்தைப் பார்த்த பூனைகள் தாங்களும் வாலைத் தூக்கிக்கொண்டு போயின. வால் தாழ்ந்த உருவத்திடம் அப்படிப் போகவில்லை. முகமோ வாசனையோ தேவைப்படவில்லை, வால் ஒன்றே போதுமானதாக இருந்தது!

அடுத்தது குரல். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அரிது. அந்தக் குரலை அவை பெரும்பாலும் மனிதர்களுக்கென்றே வைத்திருக்கின்றன. உங்களைப் பார்த்து மியாவ் என்று கேட்கும் தெருப்பூனை, முன்பு யாரோ ஒருவரின் பூனையாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீடு மாறிப் போனவர்கள் விட்டுப்போனதாகவும் இருக்கலாம். கண்ணும் பேசும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து காட்டிய அந்நியரின் நீட்டிய கையைப் பூனைகள் கூடுதலாக அணுகின. வெறித்துப் பார்க்காதீர்கள், சொக்கிய கண்ணால் பாருங்கள். ஒரே நாளில் தீர்ப்பும் எழுதாதீர்கள்: மிரண்டுபோன வீட்டுப் பூனையும் காட்டுப்பூனைபோலச் சீறும்.

இந்த அடையாளம் எதுவுமே இல்லாமல், ஆள் நடமாட்டம் அடங்கியபின் வந்து தரையோடு தரையாகப் பம்மித் தின்றுவிட்டு ஓடுகிற பூனையை உள்ளே அடைப்பது அதற்கு உதவியாகாது. வீட்டுக்குள் நமக்குக் கேட்காத சத்தம்கூட அதை மிரட்டும். நம் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வுவரை கேட்கும். பூனைக்கு 85,000 வரை கேட்கும். எலி விரட்ட பிளக்கில் செருகும் மீயொலிக் கருவி, அதாவது நம் காதுக்கு எட்டாத உச்சத்தில் ஒலிக்கும் பெட்டி, நமக்கு மௌனம். பூனைக்கு அது ஓயாத கீச்சு. தப்ப வழியில்லாத பூனை கடிக்கும். அதன் பல் ஊசிபோல ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிடும். கடி வாங்கினால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள். ரேபிஸ் நாய்க்கு மட்டும் வருவதில்லை.

பெண் பூனையென்றால் ஒரு நிமிடம் அடிவயிற்றைக் கவனியுங்கள். காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து, காம்பு தடித்துச் சிவந்திருந்தால் எங்கோ மாடிப்படிக்கு அடியில் குட்டிகள் காத்திருக்கின்றன. அவளைப் பூட்டினால் அவை பட்டினி. அந்தக் குட்டிகள் ஏழு வாரத்துக்குள் இருந்தால்தான் உண்மையான வாய்ப்பே. பால் மறந்ததும் குட்டிகள் வீட்டுக்கு, தாய் கருத்தடைக்குப் பின் மறுபடி தெருவுக்கு என்பதே என் கட்சி.

வீட்டுக்கு வரும் பூனைக்கு முழு வீட்டையும் திறந்துவிடுவது தவறான தாராளம். கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் முடிந்தபின் ஒரே ஒரு அறை போதும். தண்ணீர், மணல் தட்டு, பக்கவாட்டில் சாய்த்து வைத்த ஒரு அட்டைப்பெட்டி. அந்தப் பெட்டிதான் முக்கியம். நெதர்லாந்தின் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை பதற்றம் தணிந்து சீக்கிரம் இடத்துக்குப் பழகின. 2014-ல் வெளியான ஆய்வு இது. ஒளிய இடம் இருந்தால்தான் வெளியே வரத் தைரியம் வருகிறது.

ஒட்டாத பூனைக்கு? இத்தாலி அதற்கு 1991-லேயே சட்டம் போட்டுவிட்டது. சுதந்திரமாகத் திரியும் பூனைகளைத் துன்புறுத்தக் கூடாது. கருத்தடை செய்து அவற்றின் கூட்டத்திலேயே திரும்ப விட வேண்டும். ரோமில் ஜூலியஸ் சீசர் குத்துப்பட்ட இடிபாடுகள் இருக்கும் லார்கோ அர்ஜென்டினாவில் இப்படிப்பட்ட பூனைகள் வெயில் காய்வதைப் பார்க்கலாம். கருத்தடை முடிந்த தெருப்பூனைக்குப் பல நாடுகளில் ஒரு காதின் நுனியை மட்டும், மயக்கத்தில் இருக்கும்போதே, நேராக வெட்டிவிடுகிறார்கள். தூரத்திலிருந்தே தெரியும் இந்த அடையாளம் இருந்தால் அதே பூனையை மறுபடி பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் சன்ஷேடுப் பூனையின் காது மழுங்கியிருக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். மழுங்கியிருந்தால் கருத்தடைச் செலவு மிச்சம். மீன் மட்டும் வாங்கினால் போதும்.