ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஒரு நாள்

பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டங்களின் ஒற்றையடிப் பாதைகளிலே வளர்ந்தவன் நான். எனக்கு எங்கேயும் வழி தப்பாது என்று ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் சிங்கப்பூரில் ஒரே பகலில் கரைந்து போன கதையைக் கேளுங்கள்!

"அப்பா, தனியாக எங்கேயும் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிக் கொண்டு போகிறேன்" என்றாள் மகள். பாவம், இரண்டு ஞாயிறும் அவளுக்கு வேலை வந்துவிட்டது. நான் ஊர் திரும்ப மூன்றே நாள் பாக்கி. "சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் லிட்டில் இந்தியா ஸ்டேஷன். பக்கத்துத் தேக்கா சந்தையில் இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொண்டேன். நம் மலைப்பழத்தின் மணம் அதற்கு ஏது! ஸ்டேஷனில் நுழையும்போது ஒரு தடவை, வெளியேறும்போது ஒரு தடவை அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது. பிளாட்பாரத்தில் பழத்தை உரிக்கப் போனேன். அருகே நின்ற சீனத்து அம்மாள் பதறிப் போய்ச் சுவரிலிருந்த பலகையைக் காட்டினாள். தின்றால் 500 வெள்ளி அபராதம்! பழம் பைக்குள் போயிற்று.

2003-ல் திறந்த இந்தப் பாதையில் ரயிலை ஓட்ட ஆளே கிடையாது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் டிரைவர் முகத்தைப் பார்த்துத் தைரியம் கொள்கிறவன் நான். இங்கே யார் முகத்தைப் பார்ப்பது? அந்தச் சமயத்தில் தமிழில் ஓர் எச்சரிக்கை காதில் விழுந்தது. அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்றல்லவா! மனம் சற்றே தெளிந்தது.

மூன்றாவது ஸ்டேஷன் சைனாடவுன். பெயர்தான் சீனருடையது; சற்று நடந்தால் நம் கோபுரம்! 1819-ல் ராஃபிள்ஸின் காலத்தில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827-ல் நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அது. அதே தெருவில் தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல். இன்னும் சில அடிகளில் புத்தர் கோயில்.

அங்கிருந்து நடந்தே போய், 1972-ல் நிறுத்திய மெர்லயன் சிலையைக் கண்டேன். சிங்கத் தலை, மீன் உடல், 8.6 மீட்டர் உயரம். இந்நாட்டின் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவே சுமார் 164 மீட்டர்தான் என்று அறிந்ததும் மலைக்காரனுக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்தவனைத் தெய்வம் சும்மா விடுமா? ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷனில் சிவப்புப் பாதை ரயிலுக்குப் பதில் பச்சைப் பாதை ரயிலில் ஏறிவிட்டேன். 'பூகிஸ்' என்ற பலகையைக் கண்டதும் உடம்பெல்லாம் வியர்த்தது. மணி ஐந்தரை!

வெட்கத்தை விட்டு ஒரு மலாய் இளைஞரிடம், "லிட்டில் இந்தியா" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ இங்கிலீஷ் அரைகுறை. அவர் என்னை வரைபடத்தின் அருகே அழைத்துப் போய், நீலப் பாதையைத் தொட்டுக் காட்டி, இரண்டு விரல்களை நீட்டினார். இரண்டே ஸ்டேஷன்! நான் நினைத்திருந்த வழியில் வண்டி மாற வேண்டும். இதில் ஏறினால் நேரே வீடுதான்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வாசலில் நின்றேன்.

"வழி தப்பவில்லையே, அப்பா?"

"தப்பிற்று, அம்மா. கேட்டேன், கிடைத்தது" என்று பழத்தை அவளிடம் நீட்டினேன்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு செல்லும் பெரியவர்களே! பாதையின் நிறத்தை நினைவில் வையுங்கள். வழி கேட்க மட்டும் கூச்சப்படாதீர்கள்.