அறுவைப் பயிற்சிக்கு உதவும் கிளிசரின்

அறுவைச் சிகிச்சையை நூலைப் படித்து மட்டும் கற்றுவிட இயலாது. கத்தி எவ்வளவு அழுந்தினால் தோல் பிளக்கும், நூலை எவ்வளவு இறுக்கினால் தசை கிழியும் என்பவற்றைக் கையே உணர்ந்தறிதல் வேண்டும். பழகும் கை பலமுறை தவறும். அத்தவறு நோயாளியின் உடலில் நிகழாதிருக்க, உடலையொத்த வேறொரு பொருள் தேவைப்படுகிறது.

இதனைப் பண்டைய மருத்துவரும் உணர்ந்திருந்தனர். பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களை அறுத்தும், நீரும் சேறும் நிரப்பிய தோற்பைகளைக் கீறியும் மாணவர் பழகவேண்டும் என்று சுசுருத சம்ஹிதை விதிக்கிறது. 2019-ல் இந்திய மருத்துவக் கல்லூரிகளில் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் தொடங்கியபின், மாதிரிகளில் பழகுவது கல்வியின் ஒரு பகுதியாயிற்று. இம்மாதிரிகளுள் எளிதிற் செய்யத்தக்கவை ஜெல் எனப்படும், நீர் மிகுந்த மென்பொருள்கள்.

ஹைதராபாத்தும் ஜெல்லும்

ஹைதராபாத் நகரம் இப்பொருள் பற்றி இருவகையிற் கருதத்தக்கது. அங்குள்ள எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம், இந்தியத் தொழில்நுட்பக் கழகம், உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள், மனிதக் கருவிழித் திசுவிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் பெற்ற பொருளைக் கொண்டு முப்பரிமாண அச்சுமுறையில் ஒரு கருவிழியை உருவாக்கி, முயலின் கண்ணிற் பொருத்தியதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தனர். அது உயிருள்ள கண்ணில் நிலைக்கவேண்டிய திசு. பயிற்சி மாதிரிக்கு உயிர் வேண்டியதில்லை. ஆனால் அது மேசையின்மீது கெடாமல் நிற்கவேண்டும். அங்கேதான் நகரின் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது.

தக்காணப் பீடபூமியில் அமைந்த அந்நகரில் ஏப்ரல், மே மாதங்களிற் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும், காற்றும் உலர்ந்திருக்கும். ஜெலட்டின் ஜெல் ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரியிலேயே உருகிவிடும். கடற்பாசியிலிருந்து பெறும் அகார், ஒருமுறை உறைந்தபின் சுமார் 85 டிகிரி வரை உருகாது. எனினும் நீரை இழந்து சுருங்கி, மேற்பரப்பு தோல்போல் இறுகும். காலையில் அறுக்கும் மாணவர் மென்தசையையும் மாலையில் அறுப்பவர் தடித்த தோலையும் அறுக்க நேர்ந்தால், இருவரும் ஒரே பாடம் கற்றவராகார்.

கிளிசரின் செய்யும் பணி

சோப்புத் தயாரிப்பில் உபபொருளாகக் கிடைக்கும் கிளிசரினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. இவை நீரைப் பற்றிக்கொள்ளும். கிளிசரினின் கொதிநிலை 290 டிகிரி; ஆதலால் அது எளிதில் ஆவியாகாது. ஜெல்லிற் கலந்த கிளிசரின் உலர்தலை முற்றிலும் தடுக்காது. ஆனால் மெதுவாக்கி, நெகிழ்வைக் காக்கும்.

மீயொலிக் கருவியின் துணையால் ஊசி செலுத்தப் பழகுவதில் அதற்கு வேறொரு பணியும் உண்டு. உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் செல்வதாகக் கொண்டே அக்கருவி ஆழத்தைக் கணிக்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள நீரில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1,480 மீட்டர். கிளிசரினில் சுமார் 1,900 மீட்டர். வெறும் நீர் ஜெல்லில் 5 செ.மீ. ஆழத்திலுள்ள பொருள் திரையில் 2 மி.மீ. கூடுதல் ஆழத்திற் காணப்படும். இரத்தக் குழாயைத் தேடும் ஊசிக்கு இது சிறிய பிழையன்று. தக்க அளவு கிளிசரின் இவ்வேறுபாட்டை ஈடுசெய்கிறது. பலராலும் கையாளப்படும் ஒரு கலவையில், எடைப்படி நூற்றுக்கு 3 பங்கு அகார், சுமார் 11 பங்கு கிளிசரின், 83 பங்கு நீர் ஆகியன உள்ளன. எஞ்சியது ஒலியைச் சிதறச் செய்யும் நுண்பொடிகளும் கிருமி தடுக்கும் மருந்துமாகும்.

கவனிக்க வேண்டியவை

அளவு மிகுந்தால் ஜெல் குழைந்து பிசுபிசுக்கும். கிளிசரின் கலந்த மாதிரியை வெறும் நீரில் இட்டு வைத்தால் கிளிசரின் கசிந்து வெளியேறும்; கிளிசரின் கலந்த நீரிலேயே வைத்தல் நன்று. அகார் எளிதில் முறிவதால் தையற் பயிற்சிக்கு ஏற்றதன்று. அதற்குப் பாலிவினைல் ஆல்கஹால் கரைசலைப் பலமுறை உறையவைத்து உருக்கிப் பெறும் உறுதியான ஜெல் பொருத்தமானது. கிளிசரின் நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால், முன்னரே மிகுதியாகச் சேர்த்தால் கரைசல் சரிவர உறையாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனைச் சிறு செலவில் விளக்கலாம். ஒரே அளவான மூன்று தட்டுகளுக்குத் தலா 3 கிராம் அகாரை, முறையே 97, 86, 67 மில்லிலிட்டர் நீரிற் கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும். முதற்கரைசலை அப்படியே விட்டு, இரண்டாவதில் 11 கிராமும் மூன்றாவதில் 30 கிராமும் கிளிசரின் கலந்து ஊற்றி உறையவிடவேண்டும். ஒரு வாரம் நாள்தோறும் எடையைக் குறித்து, விரலால் அழுத்திப் பார்த்தால், இழந்த நீருக்கும் மாறிய தன்மைக்கும் உள்ள தொடர்பு மாணவருக்குப் புலனாகும். பூஞ்சை தோன்றிய தட்டை அகற்றிவிடவேண்டும்.

ஜெல்லில் குருதி பெருகாது. அது வலியால் துடிக்காது. ஆதலின் அனுபவமுள்ள மருத்துவரின் மேற்பார்வையிற் பெறும் பயிற்சிக்கு அது மாற்றாகாது. எனினும், முதல் நூறு தவறுகளை அது ஏற்றுக்கொள்ளும். அந்நூறு முறையும் தன்மை மாறாத பொருளாக அது இருப்பதற்குக் கிளிசரின் துணைநிற்கிறது.