செயற்கை மூட்டுகளில் புதுமை: தகுதியை முடிவு செய்வது காலமும் பதிவேடும்

முழங்கால் மூட்டு தேய்ந்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட நோயாளியின் குடும்பத்தினர் முன் இன்று பல பெயர்கள் வைக்கப்படுகின்றன. கோபால்ட்-குரோமியம் மூட்டு, டைட்டானியம் மூட்டு, அதிகம் மடங்கும் மூட்டு, தங்க நிற மூட்டு, ரோபோ உதவியுடன் பொருத்தப்படும் மூட்டு எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மேலானது என்றே அறிமுகப்படுத்தப்படுகிறது. விலையும் அதற்கேற்ப மாறுகிறது. இவற்றுள் உண்மையான முன்னேற்றம் எது, பெயரளவிலான மாற்றம் எது என்பதை நோயாளி எவ்வாறு அறிவது?

செயற்கை மூட்டின் தகுதி அறுவை அரங்கில் தெரிவதில்லை. மனித உடலுக்குள் பத்து, பதினைந்து ஆண்டுகள் சுமை தாங்கி இயங்கிய பின்னரே அது வெளிப்படுகிறது. ஆகவே, புதிய மூட்டைக் கண்டுபிடிப்பதற்கு இணையாக, அது யாருக்குப் பொருத்தப்பட்டது, எத்தனை ஆண்டுகள் உழைத்தது என்பதைப் பதிவு செய்வதும் முக்கியமாகிறது. இத்துறையின் வரலாறும், இந்தியாவின் அனுபவமும் இதையே உணர்த்துகின்றன.

தோல்வியில் பிறந்த வெற்றி

1890-களின் தொடக்கத்தில் பெர்லினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் குளுக், யானைத் தந்தத்தால் செய்த மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தார். நோய்த்தொற்று காரணமாக அம்முயற்சி நிலைக்கவில்லை. 1938-இல் லண்டனில் பிலிப் வைல்ஸ் துருப்பிடிக்காத எஃகினால் ஆன முழு இடுப்பு மூட்டைப் பொருத்தினார். எனினும், இன்றைய சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த சர் ஜான் சார்ன்லி ஆவார்.

உலோகப் பந்து ஒன்று நெகிழிக் கிண்ணத்துக்குள் குறைந்த உராய்வுடன் சுழல வேண்டும் என்பது சார்ன்லியின் கருத்து. 1950-களின் இறுதியில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். ஏறக்குறைய 300 பேருக்கு அது பொருத்தப்பட்டது. முதலில் வலி நீங்கியது, நோயாளிகள் நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் வேகமாகத் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுக்களில் கடும் அழற்சியை உண்டாக்கின. பொருத்திய மூட்டுகளை அவரே திரும்ப எடுக்க நேர்ந்தது.

அந்நிலையில், நெசவு எந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்டு வந்த மிகை மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் அவரது ஆய்வகத்தை எட்டியது. ஆய்வக உதவியாளர் ஹாரி கிரேவன் அதைத் தேய்மானச் சோதனைக் கருவியில் இட்டுப் பார்த்தபோது, டெஃப்லானைவிட மிகக் குறைவாகவே தேய்ந்தது. இப்பொருளின் துகள்களையும் டெஃப்லான் துகள்களையும் சார்ன்லி தம் தொடையிலேயே செலுத்தி, உடல் எவ்வாறு எதிர்வினை காட்டுகிறது என்று கவனித்தார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. பல் மருத்துவத்தில் பழக்கமான அக்ரிலிக் சிமென்ட் அதை எலும்புடன் பிணைத்தது.

இதன் பின்னர் சார்ன்லி எடுத்த முடிவு குறிப்பிடத்தக்கது. புதிய மூட்டை உடனே அனைவருக்கும் விற்க அவர் இசையவில்லை. பல ஆண்டுகள் விளைவுகளைக் கவனித்தார். தம்மிடம் பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கு மட்டுமே முதலில் அதை வழங்கச் செய்தார். டெஃப்லான் கற்பித்த பாடம் அது.

கருவிகளின் பங்கு

இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமும் போன்ற அமைப்புடையது. முழங்கால் அவ்வாறன்று. அது மடங்கும்போது உருள்கிறது, சறுக்குகிறது, சிறிதளவு திருகவும் செய்கிறது. தொடக்ககாலச் செயற்கை முழங்கால்கள் கதவுக் கீல்போல ஒரே அச்சில் இயங்கியதால் விரைவில் தளர்ந்தன. 1960-களின் இறுதியில், சார்ன்லியின் மருத்துவமனையில் பணியாற்றிய கனடா மருத்துவர் ஃபிராங்க் கன்ஸ்டன், இயற்கை அசைவை ஒத்த முழங்கால் மூட்டை உருவாக்கினார். 1974-இல் நியூயார்க்கில் அறிமுகமான ‘டோட்டல் காண்டைலர்’ வடிவமைப்பே இன்றைய முழங்கால் மூட்டுகள் பலவற்றுக்கு மூதாதை.

மூட்டைப் போலவே அதைப் பொருத்த உதவும் கருவிகளும் கண்டுபிடிப்புகளே. தொடை எலும்பின் அடிப்பகுதியையும் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியையும் துல்லியமான கோணத்தில் வெட்டினால்தான் உடல் எடை இரு பக்கமும் சமமாக இறங்கும். சில பாகை பிசகினாலும் ஒரு பக்கம் மட்டும் சுமை கூடித் தேய்மானம் விரைவடையலாம். இதற்காக எலும்பின் உட்குழாயில் ஒரு கம்பியைச் செலுத்தி, அதனுடன் வெட்டு வழிகாட்டிச் சட்டத்தை இணைத்து, அதன் பிளவு வழியே அதிர்வு ரம்பத்தை இயக்கும் முறை வகுக்கப்பட்டது. கைத்திறனை மட்டுமே நம்பியிருந்த அறுவை, பயிற்சி பெற்ற பலரும் ஒரே சீராகச் செய்யக்கூடிய ஒன்றாக மாறியதில் இந்தச் சட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு.

மூட்டை மாற்றாமல் பழுது நீக்கும் சிகிச்சையையும் கருவிகளே சாத்தியமாக்கின. டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918-இல் சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியைக் கொண்டு முழங்காலின் உட்புறத்தைப் பார்த்தார். அவரது மாணவர் மசாகி வதனபே 1950-களின் இறுதியில் நடைமுறைக்கு உகந்த மூட்டு அகநோக்கியை உருவாக்கினார். கிழிந்த குருத்தெலும்புத் தட்டை முழுவதும் வெட்டி நீக்கிய காலம் போய், சிறு துளைகள் வழியே அதைத் தைத்துக் காக்கும் முறை வந்தது. தசைநாரை எலும்புடன் பிணைக்கச் சிறு நங்கூர ஆணிகள் வந்தன. உலோக ஆணிகளுக்கு மாற்றாக, உடலில் கரையும் ஆணிகளும் செய்யப்பட்டன. அவற்றின் ஆரம்பகால வகைகள் சிலருக்கு எலும்பில் குழிவையும் அழற்சியையும் உண்டாக்கியதால் மூலப்பொருள் மீண்டும் மாற்றப்பட்டது.

பொட்டலத்துக்குள் இருந்த குறை

பயனுக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் பாலிஎத்திலீனில் ஒரு குறை வெளிப்பட்டது. கிருமி நீக்குவதற்காக அதைக் காற்றுள்ள பொட்டலத்தில் வைத்துக் காமா கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது வழக்கம். கதிர்வீச்சால் மாற்றமடைந்த மூலக்கூறுகள், பொட்டலத்தில் இருந்த ஆக்சிஜனுடன் மெல்ல வினைபுரிந்து, நெகிழியை நொறுங்கும் தன்மையுடையதாக்கின. மருத்துவமனை அலமாரியில் நீண்ட நாள் இருந்த பாகம், பொருத்தும் முன்னரே தரம் இழந்திருக்கக்கூடும். 1990-களில் இது தெளிவானதும் ஆக்சிஜன் இல்லாத பொட்டலங்கள் வழக்கத்துக்கு வந்தன. அப்பத்தாண்டின் இறுதியில், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கப்பட்ட மேம்பட்ட பாலிஎத்திலீன் அறிமுகமாகி, இடுப்பு மூட்டில் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது. புதிய வடிவம் எதுவும் இன்றி, மூலப்பொருளைத் திருத்தியதாலேயே கிடைத்த பெரும் முன்னேற்றம் இது.

ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு தந்த எச்சரிக்கை

இதற்கு மாறான அனுபவத்தை உலகம் 2010-இல் சந்தித்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டில் பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். நெகிழி தேயும் சிக்கல் இராது, துடிப்பான நோயாளிகளுக்கு நீண்ட காலம் உழைக்கும் என்பது எதிர்பார்ப்பு. இதன் முழு இடுப்பு மூட்டு வகைக்கு அமெரிக்காவில் 2005-இல் அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே விற்பனையில் உள்ள சாதனங்களை ஒத்தது என்ற அடிப்படையிலேயே அந்த அனுமதி அளிக்கப்பட்டது.

உடலுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசியபோது கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்தன. அவை சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் சிதைத்தன, ரத்தத்திலும் கலந்தன. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேட்டில், இந்த மூட்டைப் பெற்றவர்களுக்கு மறு அறுவை வழக்கத்துக்கு மாறாக அதிகம் தேவைப்படுவது பதிவாகியது. அந்நாட்டில் 2009-இல் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டின் தரவுகள், ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதைக் காட்டின. 2010 ஆகஸ்டில் நிறுவனம் உலகெங்கும் அதைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் இந்த மூட்டு பயன்படுத்தப்பட்டது. 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நிபுணர் குழுவை அமைத்தது. ஆனால், மூட்டு பொருத்தப்பட்டவர்களுள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்டறிய இயலவில்லை. தம் உடலில் இருப்பது திரும்பப் பெறப்பட்ட மூட்டு என்பதை அறியாமலேயே வாழ்வோரும் அவர்களுள் இருக்கலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் ரூபாய் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு கணக்கிடும் முறைக்கு 2018-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. எனினும், கண்டறியப்படாதவருக்கு இழப்பீடும் இல்லை, பரிசோதனையும் இல்லை.

பதிவேட்டின் வலிமை

சுவீடனில் முழங்கால் மூட்டுகளுக்கு 1975 முதலும், இடுப்பு மூட்டுகளுக்கு 1979 முதலும் தேசியப் பதிவேடுகள் பராமரிக்கப்படுகின்றன. ஒவ்வோர் அறுவையின்போதும் மூட்டின் வகை பதியப்படுகிறது. மறு அறுவை நேர்ந்தால் அதுவும் பதியப்படுகிறது. எந்த வகை நிலைக்கிறது, எது விரைவில் தளர்கிறது என்பது இதனால் புலப்படுகிறது. இத்தகைய பதிவேடுகளின் தரவுகளைத் திரட்டி 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, முழு முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 சதவீதமும், இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதமும் 25 ஆண்டுகள் நிலைப்பதாகக் கணித்தது. பெரும்பாலோருக்கு இச்சிகிச்சை நம்பகமானது என்பதும் இதே பதிவேடுகளால்தான் தெரியவந்தது.

இந்தியாவில் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கம் தன்னார்வ அடிப்படையில் பதிவேடு ஒன்றை நடத்தி வருகிறது. மருத்துவ சாதனங்களால் நேரும் பாதகங்களைத் தெரிவிப்பதற்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. மருத்துவ சாதனங்கள் விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. 2020 ஏப்ரல் முதல் அனைத்து மருத்துவ சாதனங்களும் மருந்துகளுக்கான சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. இந்த ஏற்பாடுகளின் பயன், தகவல் எந்த அளவுக்கு முழுமையாகப் பதிவாகிறது என்பதைப் பொறுத்தது.

விலையும் தகுதியும்

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலையை அறிவித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலை, அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்த நிலையில், ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. டைட்டானியம், ஆக்சிஜனேற்றம் செய்த சிர்கோனியம் வகைகளுக்கு 76,600 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. இறக்குமதியாளரிடமிருந்து நோயாளியைச் சென்றடைவதற்குள் பல மடங்கு லாபம் சேர்க்கப்பட்டதே இந்நடவடிக்கைக்குக் காரணம். விலையை வைத்து மூட்டின் தரத்தை அளக்க இயலாது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

காப்புரிமை பற்றிய தெளிவும் தேவை. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் பிரிவு 3(ஐ)-இன்படி, அறுவை சிகிச்சை முறைக்குக் காப்புரிமை பெற முடியாது. ஆனால், புதிய மூட்டுக்கும் கருவிக்கும் பெறலாம். காப்புரிமை என்பது ஒரு பொருள் புதியது என்பதற்கான சான்று மட்டுமே. அது நோயாளிக்குச் சிறந்தது என்பதற்கான சான்று ஆகாது.

தங்க நிற மூட்டு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்நிறம் டைட்டானியம் நைட்ரைடு போன்ற கடினப் பூச்சால் வருகிறது. அதில் தங்கம் இல்லை. உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கக் காரணம் இருக்கலாம். ஆனால், எல்லோருக்கும் அது கூடுதல் ஆண்டுகள் உழைக்கும் என்பது நிறுவப்படவில்லை. அதேபோல், ரோபோ கருவிகள் எலும்பை வெட்டும் துல்லியத்தைக் கூட்டுகின்றன. அதனால் மூட்டின் ஆயுள் நீள்கிறதா என்பதைப் பல ஆண்டுத் தரவுகளே சொல்ல வேண்டும்.

இந்தியர்களின் தேவையில் தனித்தன்மையும் உண்டு. தரையில் சம்மணமிட்டு அமர்தல், குந்தி உட்கார்தல் ஆகியவற்றுக்கு, நாற்காலியில் அமர்வதைவிட முழங்கால் மிக அதிகமாக மடங்க வேண்டும். சிறிய எலும்பளவு உடைய பெண்கள் பலருக்கு மேலை நாட்டு அளவுகள் பொருந்துவதில்லை. இந்திய உடலமைப்புக்கும் வாழ்க்கை முறைக்கும் ஏற்ற வடிவமைப்புகளுக்கு இங்கு இடமுண்டு. அவற்றின் தகுதியும் நம் நோயாளிகளின் தரவுகளாலேயே உறுதிப்பட வேண்டும்.

நோயாளிகள் கேட்க வேண்டியவை

அறுவைக்கு முன், பரிந்துரைக்கப்படும் மூட்டு எத்தனை ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது, அதன் பத்தாண்டு விளைவு எந்தப் பதிவேட்டில் உள்ளது என்று மருத்துவரிடம் கேட்கலாம். மூட்டின் விலை, நிறுவனப் பெயர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனைக் கட்டண ரசீதில் தனியே குறிப்பிட வேண்டும் என்பது விலை ஆணையத்தின் அறிவுறுத்தல். மூட்டின் உறையில் உள்ள அடையாள வில்லைகளின் நகலைக் கேட்டுப் பெற்று, வீடு திரும்பும்போது தரப்படும் மருத்துவச் சுருக்கத்துடன் பத்திரப்படுத்துவது நன்று. முகவரியோ கைபேசி எண்ணோ மாறினால் மருத்துவமனைக்குத் தெரிவிப்பதும் அவசியம். என்றேனும் அந்த மூட்டு திரும்பப் பெறப்பட்டால், உரியவரைச் சென்றடைய அந்தச் சிறு வில்லையும் சரியான முகவரியுமே வழிகாட்டும்.